மிச்சம் வைத்த பாடம்

1991-இல் என்னிடம் பட்டம் இருந்தது, வேலை இல்லை. வேலை என்று ஒன்று இருந்தது, அதற்குச் சம்பளம் இல்லை. இந்த இரண்டாவதை வேலை என்று எப்படி நாலு பேரிடம் சொல்வது என்பதுதான் அந்த வருஷம் முழுக்க எனக்குக் கவலை.

பட்டம் தாவரவியலில். காஞ்சிபுரத்துக் கல்லூரியில் இலை, வேர், மகரந்தம் என்று படம் வரைந்து முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, ஒரகடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பி வந்தேன். வந்தேனே தவிர ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. டைப்ரைட்டிங் லோயர் முடித்தேன். மளிகை சுற்றி வந்த பழைய பேப்பரைக்கூடப் பிரித்து நீவிப் படித்தேன். அந்தச் சமயத்தில்தான் எழுத்தறிவு இயக்கத்துக்காரர்கள் பறையடித்துக்கொண்டு ஊருக்குள் வந்து, "படிச்சவங்க வாங்க, படிக்காதவங்களுக்குச் சொல்லிக் குடுக்கலாம்" என்று கூப்பிட்டார்கள். அவர்கள் பேசி முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன். என் சுபாவம் அப்படி. முதலில் சரி, அப்புறம்தான் என்ன ஏது என்று விசாரணை.

பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில், சாயங்காலம் என் வகுப்பு. வருகிறவர்கள் எல்லாரும் பெண்கள், முக்கால்வாசிப் பேர் சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையோரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கம்பெனிக் கட்டடங்கள் எழும்ப ஆரம்பித்திருந்த காலம். வேர்க்கடலை போட்ட நிலத்துக்கு நடுவே திடீரென்று ஒரு காம்பவுண்டுச் சுவர் நிற்கும். அந்தச் சுவருக்குச் செங்கல்லும் கலவையும் தூக்குகிறவர்கள் என் வகுப்பில் இருந்தார்கள். சிமெண்ட் அரித்த விரல்களில் சாக்பீஸ் வழுக்கும். கரண்டி பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்து உடைத்துவிடுவார்கள். ஒரு மாதத்துக்கென்று கொடுத்த சாக்பீஸ் ஒரு வாரத்தில் தூளாகிவிட்டது.

அவர்களில் இரண்டு பேரைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் உயரமான அக்கா. கூடத்து நிலைப்படியில் குனிந்துதான் நுழைவார், ஆனால் பேச்சில் யாருக்கும் குனியமாட்டார். இன்னொருவர் வெற்றிலைப் பெரியம்மா. பாடத்தின் நடுவில் எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து சரியாகப் படிப்பார்.

வீட்டில் இதற்கெல்லாம் ஒரே பெயர்தான்: சும்மா இருப்பது. அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்த என் அக்காவுக்கு இரண்டாவது பிரசவம் ஆகியிருந்தது.

"அக்கா வூட்டுக்குப் போயி கூடமாட ஒத்தாசையா இரேம்மா. இங்க சும்மாதான கீற" என்றார் அப்பா.

"சும்மா இல்ல நைனா. கிளாஸ் எடுத்துக்கினு கீறேன்."

"அத்த யாரு இல்லேன்னா? அது ஊரு வேல. நான் வூட்டு வேலைய சொல்றேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது. கடைசியில் பொங்கல் வரைக்கும் தவணை வாங்கினேன். அதற்குள் சம்பளத்தோடு ஒரு வேலை கிடைத்தால் இங்கே இருக்கலாம், இல்லாவிட்டால் அரக்கோணம். அரக்கோணம் போனால் திரும்பி வர வருஷங்கள் ஆகும் என்று எனக்குத் தெரியும். அக்கா நல்லவள்தான். ஆனால் அங்கே போனபின் நான் என்ன படித்தேன் என்பதை நானே மறந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது.

இந்த நிலையில்தான் பல்கலைக்கழகத்துத் தொடர்கல்வித் துறையிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் வகுப்பு நடத்திய தொண்டர்களுக்கு, சனி ஞாயிறுகளில், ஸ்ரீபெரும்புதூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒரு சான்றிதழ்ப் படிப்பு. வகுப்பு நடத்தும் முறை, கூட்டம் நடத்துவது, அறிக்கை எழுதுவது, ஆட்களோடு பேசுவது. முடிவில் செய்முறைத் தேர்வும் நேர்முகத் தேர்வும் உண்டு. பல்கலைக்கழக முத்திரை போட்ட சான்றிதழ் என்றதும் வழக்கம்போல முதல் ஆளாகச் சேர்ந்தேன்.

அந்த மே மாதத்துக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர்ப் பெயர் உலகத்துப் பத்திரிகைகளில் எல்லாம் வந்திருந்தது, வரக்கூடாத காரணத்துக்காக. மெட்ராஸிலிருந்து வேனில் வந்த விரிவுரையாளர் மேடம் முதல் நாள் ஒரு நிமிஷம் தயங்கித் தயங்கித்தான் பேசினார். அப்புறம் தயக்கம் போய்விட்டது. எங்களைவிட ஐந்தாறு வயதுதான் அதிகம் இருக்கும், பேச்சில் எக்ஸ்பிரஸ் வண்டி. ஒவ்வொருவரும் எழுந்து இப்போது என்ன செய்கிறீர்கள் என்று சொல்லச் சொன்னார்.

"சும்மாதான் மேடம் இருக்கேன்" என்றான் முதல் பையன்.

"டிகிரி முடிச்சுட்டு சும்மாதான்..." என்றாள் அடுத்தவள்.

வரிசையாக எல்லாரும் சும்மாதான். என் முறை வந்தபோது எனக்கும் அதே வார்த்தைதான் வாயில் வந்தது. அப்பா சொன்னால் எதிர்த்து வாதாடுகிற நான், நாலு பேர் முன்னால் எழுந்து நின்றதும் அப்பா மாதிரியே பேசினேன்.

மேடம் கையைத் தட்டி நிறுத்தினார். "இங்க உக்காந்திருக்கவங்க எல்லாரும் ஒரு வருஷமா தினம் ஒரு வகுப்பு நடத்தறீங்க. ஆள் சேர்க்கறீங்க, வராதவங்க வீட்டுக்குப் போயி கூட்டிட்டு வர்றீங்க, புருஷன்மார் சண்டைக்கு வந்தா சமாளிக்கறீங்க. இதுக்குப் பேரு சும்மாவா? சம்பளம் வாங்கற ஒருத்தர் இதே வேலையச் செஞ்சா எப்படிச் சொல்லுவார்? அப்படிச் சொல்லுங்க."

மணிமங்கலத்திலிருந்து சைக்கிளில் வருகிற ஐ.டி.ஐ. படித்த பையன் ஒருவன் எழுந்தான். "மேடம், நான் முப்பது பேருக்கு மேனேஜரு. ஆனா ஒருத்தரும் என் பேச்சக் கேக்கறதில்ல."

"மேனேஜர்னா அப்படித்தான் இருப்பாங்க. உக்காருங்க" என்றார் மேடம். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அன்றைக்குச் சிரித்தோமே தவிர, பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு யோசனையாகவே இருந்தது. கல்லூரியில் நான் படித்ததெல்லாம் யாரோ கண்டுபிடித்ததை. இந்தப் படிப்பிலோ நான் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதையே எடுத்து மேஜைமேல் வைத்து, இது எப்படி நடக்கிறது பார் என்று பார்க்கச் சொன்னார்கள். செய்கிற வேலைக்கு ஒரு பேர் கிடைத்தால் அதை இன்னொருவருக்கு எடுத்துச் சொல்ல முடிகிறது. அதைத் திருத்தவும் முடிகிறது.

திருத்த வேண்டியது எனக்கு நிறைய இருந்தது. ஒரு நாள் நாங்களே மாணவர்களாகவும் ஆசிரியர்களாகவும் மாறி மாறி உட்கார்ந்து பழகினோம். நான் பாடம் நடத்தியதைப் பார்த்த மேடம், "நீங்களே கேள்வி கேக்கறீங்க, நீங்களே பதிலும் சொல்லிடறீங்க. அப்புறம் அவங்க எதுக்கு வரணும்?" என்று கேட்டார். கேள்வி கேட்டபின் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு காத்திருக்கப் பழகினேன். என் சத்துணவுக் கூடத்திலும் அதைச் செய்து பார்த்தேன். முதலில் எல்லாரும் பயந்துபோனார்கள். "டீச்சருக்கு ஒடம்பு சரியில்ல போல" என்றார் பெரியம்மா. பிறகு மெல்ல அவர்களே பேச ஆரம்பித்தார்கள். புரட்டாசி முடிவதற்குள் உயரமான அக்கா பஸ் போர்டு படித்து, தப்பான ரூட்டில் போகும் வண்டியில் தன்னை ஏற்றப் பார்த்த கண்டக்டரோடு சண்டை போட்டுவிட்டு வந்தார். பெரியம்மா ரேஷன் கடை அறிவிப்பை எழுத்துக்கூட்டி வாசித்து, கெரசின் வரும் தேதியைத் தெரு முழுக்கச் சொன்னார்.

வேலைச் செய்தியும் படிப்பு வழியாகத்தான் வந்தது. மணிமங்கலத்துப் பையன் கொண்டுவந்தான். ஒரகடம் சாலையில் மோட்டார் வண்டிகளுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனி ஒன்று ஆரம்பிக்கப் போகிறது. சுற்று வட்டாரக் கிராமத்துப் பெண்களை லைனில் வேலைக்கு எடுப்பார்கள். அவர்களுக்கு வேலை பழக்குகிற ஆபீசில் உதவியாளராக, இந்தப் பக்கத்துப் பெண்ணாக ஒருவர் வேண்டும். பட்டம் வேண்டும், பயிற்சி கொடுத்த அனுபவமும் அதற்கு அத்தாட்சியும் வேண்டும்.

"ஒனக்குன்னே தெச்ச சட்ட மாதிரி கீது" என்றான். "சர்ட்டிபிகேட்ட மட்டும் வாங்கிக்கினு போ. நான் பொண்ணா பொறக்கல, இல்லேன்னா ஒனக்குப் போட்டி நான்தான்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தேர்வு, சான்றிதழ், வேலை. பொங்கலுக்குள் முடிந்துவிடும். மனத்துக்குள் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர இருக்கைகூடப் பிடித்துவிட்டேன்.

செய்முறைத் தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் வகுப்பிலேயே. எங்களுக்குப் பாடம் சொன்ன மேடம் மதிப்பெண் போடக்கூடாது என்பதால் வேறு ஒரு பேராசிரியர் வந்தார். குடையை மடக்கி மூலையில் சாத்திவிட்டு, குழந்தைகள் சாப்பிட உட்காரும் பலகையில் அமைதியாக உட்கார்ந்துகொண்டார். என் பெண்கள் எல்லாரும் நல்ல புடவை கட்டி, தலைக்குப் பூ வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி வரிசையாக இருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் மாட்டுகிற அறிவிப்புப் பலகை ஒன்றைப் போலக் கரும்பலகையில் எழுதி, உயரமான அக்காவைப் படிக்கச் சொன்னேன். கண்டக்டரையே கதிகலங்க வைத்தவருக்கு இது எந்த மூலைக்கு?

அக்கா எழுந்தார். பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பேராசிரியரைப் பார்த்தார்.

"தெரியலயே டீச்சர்."

நான் காத்திருந்தேன், சொல்லிக்கொடுத்த மாதிரியே. அக்கா உட்கார்ந்துவிட்டார். அடுத்து பெரியம்மா.

"கண்ணு சரியா தெரியலம்மா. இன்னாமோ கோழி கிண்டுன மாதிரி கீது."

அடுத்தவர் முதல் எழுத்தோடு நின்றார். அதற்கடுத்தவர் முதல் எழுத்துக்கே போகவில்லை. பேராசிரியர் மெதுவாகக் கேட்டார்: "எத்தனை நாளா படிக்கறீங்கம்மா?"

"வருஷத்துக்கு மேல ஆவுது சார்" என்றார் உயரமான அக்கா, பவ்யமாக. நான் அவரிடம் ஒருநாளும் கண்டிராத பவ்யம். "டீச்சரு நல்லாதான் சொல்லிக் குடுக்கறாங்க. எங்க மண்டையிலதான் ஏறல. கல்லு தூக்கற மண்ட சார். இன்னும் நெறைய நாளு சொல்லிக் குடுத்தாதான் வரும்."

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள்.

பேராசிரியர் ஏதோ எழுதிக்கொண்டார். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "அடுத்த சனிக்கிழமை நேர்முகத் தேர்வுக்கு வரும்போது இன்னைக்கு நடந்ததுக்கு ஒரு விளக்கம் யோசிச்சுட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அவர் தெருமுனை திரும்பியதும் கூடத்துக்குள் கலகலவென்று ஒரே சத்தம். ஜெயித்து வந்த சேனை மாதிரி சிரிக்கிறார்கள். உயரமான அக்கா கரும்பலகையில் இருந்ததைக் கடகடவென்று படித்துக் காட்டினார், ஒரு எழுத்து தப்பில்லாமல்.

எனக்கு வந்த கோபத்தில் பலகையை அழித்துவிட்டுப் போய்விடலாம் போல இருந்தது. என்ன தைரியம் இவர்களுக்கு, என் வாழ்க்கையோடு விளையாட என்று கத்த வாயெடுத்தேன். ஆனால் சில மாதப் பழக்கம் குறுக்கே வந்து நின்றது. "ஏன்?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டேன். காத்திருந்தேன். சிரிப்பு தானாக அடங்கியது.

"இன்னா டீச்சர், மொகம் இப்படி ஆயிடுச்சு?" என்றார் அக்கா. "ஒனக்கோசரம்தான் செஞ்சோம்."

"எனக்கோசரமா?"

"பின்ன? சைட்ல மேஸ்திரி வர்ற சொல்ல கையில வேல இல்லாம நின்னுக்கினு இருந்தா இன்னா சொல்லுவான்? வேல முடிஞ்சுபோச்சா, நாளைக்கி நீ வராதன்னுடுவான். அதனால எப்பவும் கொஞ்சம் மிச்சம் வெச்சுக்கினுதான் இருப்போம். ரெண்டு வரி கல்லு, ஒரு சட்டி கலவ. அவன் தல தெரிஞ்சதும் அத்த எடுத்துத் தூக்குவோம். இன்னிக்கி பெரிய ஆபீசரு வந்து கீறாரு. எல்லாத்தையும் படிச்சுட்டோம்னு காட்டுனா என்னாவும்? வேல முடிஞ்சுதுன்னு கிளாஸ இழுத்து மூடிடுவாரு. ஒன் வேல பூடும்."

பெரியம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "வயசுப் பொண்ணு, இப்பதான் ஒரு வேலையில கீது. அத்தக் கெடுப்போமா?"

நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். "பெரியம்மா, எனக்கு இதுக்குச் சம்பளமே கிடையாது" என்றேன்.

யாரும் நம்பவில்லை. கவர்ன்மெண்டு குடுக்கலியா, காலேஜு குடுக்கலியா, கட்சி குடுக்கலியா என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

"அடிப் பாவி! அப்ப எதுக்குடி மழையில கூட கொட பிடிச்சுக்கினு வந்த?" என்றார் உயரமான அக்கா. டீச்சர் என்ற மரியாதை எல்லாம் பறந்துவிட்டிருந்தது.

அந்தச் சாயங்காலம்தான் எனக்கு ஒன்று புரிந்தது. என் வீடு, எங்கள் ஊர், நான், ஏன், படிப்பில் சேர்ந்த அத்தனை தொண்டர்களும் இதைச் சும்மா என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, இந்தப் பெண்கள் மட்டும் முதல் நாளிலிருந்து இதை வேலை என்று நினைத்திருக்கிறார்கள். வேலை என்று நினைத்ததால்தான் அதைக் காப்பாற்றப் பார்த்தார்கள். காப்பாற்றப் போய்க் கவிழ்த்துவிட்டார்கள். யார்மேல் கோபப்படுவது?

சனிக்கிழமை பேராசிரியரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "கதை நல்லா இருக்கு. நீங்க அவங்ககிட்ட எங்க தவறினீங்க?" என்று கேட்டார்.

"படிச்சு முடிச்சா அடுத்து என்னன்னு நான் ஒருநாளும் சொன்னதில்ல சார். எனக்குச் சம்பளம் இல்லைங்கறதையும் சொல்லல, தேர்வு எதுக்குன்னும் சொல்லல. அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வழக்கம் சைட் வழக்கம். அத வெச்சுத்தான் இதையும் புரிஞ்சுக்கிட்டாங்க."

அவர் தலையசைத்தார். நேர்முகத்தில் தேர்ச்சி போட்டார். செய்முறைக்கு மட்டும் பார்த்ததைத்தான் எழுத முடியும் என்றார். மார்கழி பிறந்ததும் மறு தேர்வு. மணிமங்கலத்துப் பையன் இரண்டிலும் தேறிவிட்டான். "கவலப்படாத, மேனேஜருங்க எல்லாம் ஒரு தடவ பெயிலானவங்கதான்" என்று ஆறுதல் சொன்னான்.

ஒயர் கம்பெனியின் இண்டர்வியூ அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. சான்றிதழ் இல்லாமல் போனேன். சுவரில் இன்னும் சுண்ணாம்பு வாசம் போகாத அறை. பர்சனல் ஆபீசர் திருநெல்வேலிக்காரர் என்பது அவர் முதல் வாக்கியத்திலேயே தெரிந்தது.

"சர்ட்டிபிகேட் எங்கம்மா?"

"இன்னும் வரல சார். செய்முறைத் தேர்வு மறுபடி எழுதணும்."

"அப்பம் பெயிலுன்னு சொல்லுங்க. ஒரு வருசமா பாடம் நடத்துனேம்னு எழுதிருக்கிய, பெறகு எப்படிப் பெயிலாச்சு?"

ஆறு மாதத்துக்கு முன்பாக இருந்தால் அழுதிருப்பேன், அல்லது நாலு காரணம் மூச்சுவிடாமல் அடுக்கியிருப்பேன். இப்போது நிதானமாக, முதலிலிருந்து சொன்னேன். மேஸ்திரி தலை தெரிந்ததும் கல் தூக்குவதைச் சொன்ன இடத்தில் அவர் பேனாவை வைத்துவிட்டார்.

"இதத்தான நானும் பத்து வருசமா பாக்கேன்" என்றார். "பழைய கம்பெனில சூப்பர்வைசர் வந்து நின்னா லைன் மெதுவாயிரும். சோம்பேறிப் பயலுவன்னு நெனச்சு மெமோ குடுத்துக்கிட்டிருந்தேன். சரி, இங்கயும் உங்க ஊருப் பிள்ளையளத்தான் எடுக்கப் போறோம். இதே மாதிரி தெரிஞ்சத தெரியலன்னு நின்னா என்ன செய்விய?"

"பழகி முடிச்சவங்களுக்கு அடுத்து என்ன வேலைன்னு மொத நாளே சொல்லிடணும் சார். முடிச்சா வெளிய அனுப்ப மாட்டோம்னு தெரிஞ்சாத்தான் முடிப்பாங்க. அப்புறம், ஏன்னு கேட்டுட்டு பதில் வர்ற வரைக்கும் காத்துக்கினு இருக்கணும்."

வாய் தவறி ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. அவர் கண்டுகொள்ளவில்லை. "எனக்கு உங்களப் பிடிச்சிருக்கும்மா. ஆனா அத்தாட்சி இல்லாம மேல அனுப்ப முடியாது. மறு தேர்வு முடியுற வரைக்கும் இந்த எடத்த வச்சுருக்கேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

ஆக, எல்லாம் திரும்பவும் என் சத்துணவுக் கூடத்துக்கே வந்து நின்றது. இந்த முறை எதையும் மறைக்கவில்லை. தேர்வுக்கு முந்தின வாரம் எல்லாரிடமும் சொன்னேன்: நீங்கள் படித்துக் காட்டினால் எனக்குச் சான்றிதழ் கிடைக்கும், சான்றிதழ் இருந்தால் கம்பெனி வேலை கிடைக்கும். கம்பெனி விட்டு வர இருட்டிவிடும், தினமும் வகுப்பு எடுக்க முடியாது.

"அப்ப நாங்க படிச்சா நீ பூடுவ. படிக்கலேன்னா இருப்ப" என்றார் உயரமான அக்கா.

"ஆமாக்கா."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. நான் பேசாமல் இருந்தேன். இந்த முறை அது பயிற்சி இல்லை, சொல்வதற்கு உண்மையாகவே எதுவும் இல்லை. அவர்கள் வேண்டாம் என்று சொன்னாலும் நியாயம்தான். ஒரு வருஷம் நான் நடத்திய வகுப்பு என் சான்றிதழுக்காக ஆரம்பித்ததில்லை. அவர்கள் படிப்பதற்காக ஆரம்பித்தது.

பெரியம்மாதான் கேட்டார். "படிக்கலேன்னா மட்டும் இருப்பாளா? இவ நைனா அரக்கோணத்துக்கு அனுப்பிடுவாரு."

"ஒனக்கு யாரு சொன்னது?" என்று கேட்டார் உயரமான அக்கா.

"ஊருக்கே தெரியும். எப்படியும் போவப் போறா. கம்பெனிக்கே போவட்டுமே, நம்ம ரோட்லயாவது இருப்பா."

மறு தேர்வு நாள் வந்தது. பேராசிரியர் அதே பலகையில் உட்கார்ந்தார். இந்த முறை நான் எதையும் எழுதவில்லை. சைட்டில் மாட்டியிருப்பதை நீங்களே எழுதி, நீங்களே படியுங்கள் என்றேன். உயரமான அக்கா எழுந்து போய், சாக்பீஸை உடைக்காமல், கோணல்மாணலாக ஆனால் தப்பில்லாமல் எழுதினார்: 'தலைக்கவசம் அணியாமல் உள்ளே வரக் கூடாது.' திரும்பி நின்று உரக்கப் படித்தார். படித்துவிட்டு அதோடு நிற்கவில்லை.

"போர்டு மட்டும் மாட்டிக்கீறானுங்க சார். மேஸ்திரி தலையில ஒண்ணு கீது. எங்க தலைக்கு எங்க குடுத்தானுங்க?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. பேராசிரியர் முதல் தடவையாகச் சிரித்தார். "அதையே எழுதுங்கம்மா. எழுதி மேஸ்திரிகிட்ட குடுங்க."

எல்லாரும் சேர்ந்து எழுதினார்கள். ஒருவர் ஒரு சொல் சொல்ல, இன்னொருவர் எழுத, பெரியம்மா நடுவில் எழுந்து துப்பிவிட்டு வந்து, "கொஞ்சம் காட்டமா எழுதுங்கடி, கெஞ்சற மாதிரி கீது" என்று திருத்த, மத்தியானம் முழுக்க அந்த நாலு வரி ஓடியது. நான் அதில் ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை. அந்தக் கடிதத்தைக் கொடுத்த பிறகு தலைக்கவசம் வந்ததா என்றால் உடனே வரவில்லை. ஆனால் மேஸ்திரி அன்றிலிருந்து அவர்களை எந்தக் காகிதத்திலும் ரேகை வைக்கச் சொல்வதில்லை, படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்றுதான் சொல்கிறாராம்.

சான்றிதழ் வந்த அன்றைக்கே கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆபீசர் அதை ஒரு பார்வை பார்த்து மடித்து ஃபைலில் வைத்தார். "இதுக்காகத்தான் காத்திருந்தேன்னு நெனைக்காதிய. அன்னைக்கே முடிவு பண்ணியாச்சு. மேல இருக்கவங்களுக்குக் காட்ட ஒரு தாளு வேணும்லா?" என்றார். எனக்கு அதில் சந்தோஷமும் இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது பாதிதான் சரி. அந்தத் தாள் இல்லாவிட்டால் வேலை இல்லை, உண்மை. ஆனால் தாளுக்காகப் போன இடத்தில் நான் பழகிக்கொண்டது இல்லாவிட்டால், அன்றைக்கு அந்த அறையில் என் தோல்வியை ஒரு அனுபவமாகச் சொல்லத் தெரிந்திருக்காது. மணிமங்கலத்துப் பையனும் அப்படித்தான் சொன்னான். அவனுக்கு இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு ஒர்க்ஷாப்பில் இடம் கிடைத்தது. ஐ.டி.ஐ. படித்தவர்கள் வரிசையாக நின்ற இடத்தில், என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொன்னவன் தான் ஒருவன்தான் என்றான். கொஞ்சம் மிகைப்படுத்துகிறவன்தான். இதை நம்பலாம்.

பொங்கலுக்கு அக்கா குழந்தையோடு வந்திருந்தாள். அப்பா அரக்கோணத்துப் பேச்சை எடுக்கவில்லை. "அக்காவுக்கு யாரு ஒத்தாசை பண்ணுவா?" என்று நான்தான் குற்ற உணர்ச்சியோடு கேட்டேன். "அம்மா போயிட்டு வரட்டும்" என்றார். அம்மாவைப் போகிறாயா என்று யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது உறுத்தவில்லை, இப்போது உறுத்துகிறது.

வகுப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டோம். மேடம் சொல்லி, பல்கலைக்கழகத்திலிருந்து கொஞ்சம் புத்தகங்கள் வந்தன; கணக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாம் என்று தீர்மானமாயிற்று. கணக்கு என்றதும் வகுப்புக்கு வராத நாலு பேர் புதிதாக வந்து சேர்ந்தார்கள்.

வேலையில் சேர்ந்த முதல் திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஒரகடம் கூட்டு ரோட்டில் பஸ் நின்றபோது, பக்கத்தில் ஆட்களை நிற்க வைத்து ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்றது. மேலே பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு, எல்லார் தலைக்கும் மேலே ஒரு தலை தெரிந்தது.

"ஏ டீச்சர்! ஞாயித்துக்கெழம லேட்டா வந்த, உள்ள உட மாட்டோம், ஆமா!"

பெரியம்மாவும் ஏதோ கத்தினார். லாரி சத்தத்தில் கேட்கவில்லை. நான் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினேன். லாரி கிளம்பிப் போனது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த புதுப் பெண் கேட்டாள்: "யாரு அவங்க? சொந்தக்காரங்களா?"

"இல்ல. நான் முன்ன வேலை பார்த்த இடம்" என்றேன்.